ஆயுசு முழுக்க மாஸ்க்கா, ஒரே தடவை அறுவையா?

வாசகர் கேள்வி, 2025 பிப்ரவரி 3

இரவுத் தூக்கத்தைப் பதிவு செய்கிற ஸ்லீப் ஸ்டடி எடுத்தார்கள். மூச்சுத் தடையை அளக்கும் ஏ.எச்.ஐ. எண் 34, கடுமையான ஸ்லீப் ஆப்னியா (தூக்கத்தில் மூச்சு அடைபடும் நோய்) என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். மாஸ்க் வழியாகக் காற்றைத் தள்ளும் சிபாப் இயந்திரத்தை வாங்கச் சொல்கிறார்கள். ஆயுசு முழுக்க முகத்தில் மாஸ்க் மாட்டிக்கொண்டு தூங்குவதைவிட, வலித்தாலும் பரவாயில்லை என்று தொண்டையில் ஒரு தடவை அறுவை செய்து முடித்துவிடுவதுதான் சரி என்று நினைக்கிறேன். நோயைக் குணப்படுத்தாத இயந்திரத்தை ஏன் எல்லோரும் முதலில் சொல்கிறார்கள்? வாங்கியவர்களில் நிறைய பேர் அதை அலமாரியில் தூக்கி வைத்துவிடுகிறார்கள் என்றும் கேள்விப்பட்டேன். அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

பிப்ரவரி 3, இரவு

அதற்கு முன்னால் ஒன்று கேட்கிறேன். உங்களுக்கு மூச்சு அடைபடுவது எந்த இடத்தில் என்று யாராவது பார்த்தார்களா? அது தெரியாமல் "தொண்டையில் அறுவை" என்று முடிவெடுக்க வழியில்லை.

விழித்திருக்கும்போது தொண்டையைச் சுற்றியுள்ள தசைகள் மூச்சுப்பாதையைத் திறந்து பிடித்திருக்கும். தூங்கியதும் எல்லோருக்கும் அவை தளரும். நம்மைப் போல ஆப்னியா உள்ளவர்களுக்குப் பாதை மூடிக்கொள்ளும் அளவுக்குத் தளர்ந்துவிடுகிறது. மூடுகிற இடம் ஆளுக்கு ஆள் மாறும். சிலருக்கு மென்மையான அண்ணமும் உள்நாக்கும் பின்னால் சரியும். சிலருக்குத் தொண்டையின் பக்கச் சுவர்கள் இரண்டும் நெருங்கி வரும். அடிநாக்கு பின்னால் விழுபவர்கள் உண்டு, குரல்வளைக்கு மேலுள்ள மூடி மடிந்து அடைப்பவர்களும் உண்டு. பலருக்கு ஒரே சமயத்தில் இரண்டு மூன்று இடங்களில் நடக்கும். அண்ணத்தை மட்டும் சரிசெய்துவிட்டு அடிநாக்கை அப்படியே விட்டால், குறட்டை குறையும், அடைப்பு தொடரும். இது எனக்கு ரொம்பப் பயமான விஷயம், ஏனென்றால் சத்தம் போனதும் வீட்டில் எல்லோரும் குணமாகிவிட்டது என்று நிம்மதியாகிவிடுவார்கள்.

ஏ.எச்.ஐ. 34 என்றால் என்னவென்று இதைப் படிக்கும் மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். மூச்சு முழுதாக நின்றது, ஓரளவு குறைந்தது இரண்டையும் சேர்த்து ஒரு மணி நேரத்துக்குச் சராசரியாக 34 தடவை. ஒவ்வொன்றும் குறைந்தது 10 விநாடி. ஏழு மணி நேரம் தூங்கினால் 238. எண் 5 முதல் 14 வரை லேசு, 15 முதல் 29 வரை நடுத்தரம், 30லிருந்து கடுமை. எனக்கும் கடுமைதான், உங்கள் எண்ணைவிட அதிகம். பல வருடமாகச் சிபாப் போட்டுத்தான் தூங்குகிறேன். அதற்காக எல்லோருக்கும் அதுதான் என்று சொல்ல வரவில்லை.

பிப்ரவரி 4

"குணப்படுத்தாத இயந்திரம்" என்று எழுதியிருந்தீர்கள். உண்மைதான், அது குணப்படுத்தாது. போட்ட இரவுக்கு வேலை செய்யும், போடாத இரவுக்குச் செய்யாது. ஆனால் அது ஏன் முதலில் சொல்லப்படுகிறது என்பதற்கு ஒரு நேரடியான காரணம் இருக்கிறது. அடைப்பு எங்கே என்பதைப் பற்றி அதற்குக் கவலையில்லை. காற்றைக் கொஞ்சம் அழுத்தத்தோடு, பெரும்பாலும் 4 முதல் 20 செ.மீ. நீர் அளவுக்குள், மூக்கு வழியாக உள்ளே தள்ளிக்கொண்டே இருக்கும். அந்த அழுத்தமே மூச்சுப்பாதையை மேலிருந்து கீழ்வரை விரித்துப் பிடிக்கும். அண்ணம், பக்கச் சுவர், அடிநாக்கு எல்லாம் ஒரே வீச்சில் திறந்திருக்கும். ஆக்சிஜன் கொடுக்கிற கருவி என்று நிறைய பேர் நினைக்கிறார்கள். அதில் வருவது நம் அறையில் இருக்கிற அதே காற்றுதான்.

இதைச் செய்து காட்டியவர் சிட்னியில் இருந்த மருத்துவர் காலின் சல்லிவன். 1981இல் ஐந்து நோயாளிகளை வைத்து லான்செட் மருத்துவ இதழில் எழுதினார். அதற்கு முன்னால் கடுமையான ஆப்னியாவுக்கு நம்பகமான சிகிச்சை என்றால் டிரக்கியாஸ்டமிதான், அதாவது கழுத்தில் துளையிட்டு அதன் வழியாக மூச்சுவிடுவது. அதே 1981இல்தான் ஃபுஜிட்டா என்ற அறுவை மருத்துவர், உள்நாக்கையும் அண்ணத்தின் ஓரத்தையும் கத்தரித்து டான்சிலையும் எடுக்கிற அறுவையை ஆப்னியாவுக்காக அறிமுகப்படுத்தினார். யு.பி.பி.பி. என்பார்கள். ஆக, நீங்கள் எதிரெதிராக நிறுத்துகிற இரண்டும் ஒரே வயதுதான். சிபாப் முன்னுக்கு வந்ததற்குக் காரணம் அது பழையது என்பதல்ல. யாருக்குப் பலிக்கும் என்று முன்கூட்டியே சொல்ல முடியாத நிலையில் யு.பி.பி.பி.யைப் பலருக்கும் செய்து பார்த்தார்கள், கணிசமானவர்களுக்குப் போதவில்லை.

பிப்ரவரி 4, இரவு

அலமாரி விஷயம். ஆமாம், நிறைய பேர் விட்டுவிடுகிறார்கள். எத்தனை சதவீதம் என்பது ஆய்வுக்கு ஆய்வு மாறும். "ஒழுங்காகப் போடுகிறார்" என்பதற்கு வைத்திருக்கும் அளவே ஒரு இரவுக்கு 4 மணி நேரம்தான் என்பதைப் பாருங்கள். நாம் தூங்குவது அதைவிட அதிகம். விடியற்காலையில் வரும் கனவுத் தூக்கத்தில்தான் தசைகள் அதிகமாகத் தளரும், பலருக்கு அடைப்பும் அப்போதுதான் மோசம். நடு இரவில் கழற்றிப் போட்டால் மிக மோசமான பகுதிக்குச் சிகிச்சையே இல்லை.

ஆனால் விட்டவர்களிடம் காரணம் கேட்டால், பெரும்பாலும் சரிசெய்யக்கூடிய காரணமாகத்தான் இருக்கிறது. மாஸ்க் கண்ணுக்குள் காற்றை ஊதியது. வாய் காய்ந்தது. வயிறு உப்பியது. மூச்சை வெளியே விட முடியாமல் திணறியது. பெட்டியைக் கையில் கொடுத்து அனுப்பிவிட்டு, அப்புறம் யாரும் கேட்கவில்லை. முதல் ஓரிரு வாரத்தில் எப்படிப் போகிறதோ, பின்னாலும் ஏறத்தாழ அப்படியே போகிறது என்று ஆய்வுகளும் சொல்கின்றன. அந்த வாரங்களில்தான் ஆள் துணை வேண்டும்.

எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். முதலில் மூக்கையும் வாயையும் சேர்த்து மூடுகிற பெரிய மாஸ்க் கொடுத்தார்கள். கன்னம் மெலிந்த முகம் எனக்கு, அது ஓரத்தில் ஒழுகிக்கொண்டே இருந்தது. ஒழுகுகிறதே என்று பட்டையை இறுக்கினேன். இறுக்க இறுக்க மூக்குத் தண்டில் புண். மூக்குத் துளையில் மட்டும் உட்காருகிற சின்ன வகைக்கு மாறியதும் எல்லாம் மாறியது. நான் தெரிந்துகொண்டது இது: மாஸ்க் ஒழுகினால் இறுக்குவதற்கு முன்னால் அளவையும் வகையையும் பாருங்கள். படுத்த நிலையில், காற்று ஓடிக்கொண்டிருக்கும்போது பொருத்திப் பாருங்கள். உட்கார்ந்திருக்கும்போது பொருந்துகிற முகம் வேறு, படுத்ததும் சதை சரிந்த முகம் வேறு.

பயமாக இருப்பவர்கள் பகலில் வேறு ஏதாவது செய்துகொண்டே கொஞ்ச நேரம் மாட்டிப் பழகுங்கள். தூங்க முயற்சிக்கவே வேண்டாம். மூச்சை வெளியே விடச் சிரமம் என்றால், மூச்சு விடும்போது மட்டும் அழுத்தத்தைக் குறைக்கிற அமைப்பு பெரும்பாலான இயந்திரங்களில் இருக்கிறது, அதைப் போட்டுத் தரச் சொல்லுங்கள். மூக்கும் தொண்டையும் காய்ந்தால், காற்றை ஈரமாக்கும் ஹியூமிடிஃபயர்.

பிப்ரவரி 6

ஒரு வாசகி கேட்டிருக்கிறார்: "அம்மாவுக்கு ஐம்பத்தைந்து வயது. குறட்டை பெரிதாக இல்லை. ராத்திரி தூக்கம் வரவில்லை, காலையில் தலைவலி, எப்போதும் அசதி. இது ஆப்னியாவாக இருக்குமா?"

இருக்கலாம். தயவுசெய்து பரிசோதியுங்கள். இதை நான் கொஞ்சம் அழுத்தியே சொல்கிறேன், ஏனென்றால் என் கதை இதுதான்.

எனக்கும் பக்கத்து அறைக்குக் கேட்கிற குறட்டை கிடையாது. பகலில் உட்கார்ந்த இடத்தில் தூங்கி விழவும் இல்லை. இரவில் திரும்பத் திரும்ப விழிப்பு வரும், சிறுநீர் கழிக்க எழுந்திருப்பேன், காலையில் தலை கனக்கும். சின்ன விஷயத்துக்கெல்லாம் அழுகை வரும். மாதவிடாய் நிற்கிற வயசு, மனச்சோர்வு என்றார்கள். தூக்க மாத்திரை கொடுத்தார்கள். அந்த வகை மாத்திரைகளில் சில தொண்டைத் தசையை இன்னும் தளர்த்தும், அடைப்பிலிருந்து விழித்துக்கொள்வதையும் தாமதப்படுத்தும். இரண்டு மாத்திரைக்கு மேல் போட்டும் அடங்காத ரத்த அழுத்தத்தைப் பார்த்து வேறொரு மருத்துவர்தான் ஸ்லீப் ஸ்டடி எழுதினார்.

மாதவிடாய் நின்ற பிறகு பெண்களுக்கு ஆப்னியா வரும் வாய்ப்பு கூடுகிறது. ஆனால் "குண்டான ஆண், பயங்கரக் குறட்டை" என்ற படமே எல்லோர் மனதிலும் இருப்பதால் பெண்களை யாரும் சந்தேகப்படுவதில்லை. இரவில் சிறுநீர் கழிக்க எழுவதும் இதனோடு சேர்ந்ததுதான். மூச்சு அடைபட்டு நெஞ்சுக்குள் இழுவை ஏற்படும்போது இதயத்துக்கு வரும் ரத்தம் கூடி, அது உப்பையும் நீரையும் வெளியேற்றச் சொல்லும் ஹார்மோனைச் சுரக்கிறது. சிபாப் போட்ட பிறகு எனக்கு முதலில் நின்றது அதுதான்.

பிப்ரவரி 6, சற்று நேரம் கழித்து

மேலே சொன்னதோடு ஒன்று. அம்மாவுக்கு வீட்டிலேயே எடுக்கிற எளிய பரிசோதனை செய்து, "ஒன்றும் இல்லை" என்று வந்தால் அதோடு நிறுத்தாதீர்கள். அதில் பெரும்பாலும் மூளை அலைகளைப் பதிவதில்லை, அதனால் எப்போது தூங்கினார், எப்போது விழித்துக் கிடந்தார் என்று சரியாகத் தெரியாது. பாதி இரவு விழித்துக் கிடந்தவருக்கும் மொத்தப் பதிவு நேரத்தால் வகுத்துவிடுவதால் எண் குறைந்து காட்டும். அறிகுறி பலமாக இருந்தால் ஆய்வகத்தில் முழு இரவுப் பரிசோதனை கேளுங்கள்.

பிப்ரவரி 9

தாடைக் கருவி பற்றி மூன்று பேர் கேட்டிருக்கிறார்கள். என் தம்பி அதைத்தான் போடுகிறான், அதனால் பக்கத்திலிருந்து பார்த்ததைச் சொல்கிறேன்.

மேல்பல், கீழ்பல் இரண்டுக்கும் அச்செடுத்துச் செய்த இரண்டு தட்டுகள். கீழ்த்தாடையைச் சில மில்லிமீட்டர் முன்னால் தள்ளிப் பிடிக்கும். தாடையோடு நாக்கும் முன்னால் வருவதால் பின்னால் இடம் கிடைக்கிறது. லேசான, நடுத்தர ஆப்னியாவுக்கு நல்ல தேர்வு. கடுமையானவர்களில் சிபாப் எவ்விதத்திலும் ஒத்துவராதவர்களுக்கும் கொடுக்கிறார்கள். என் தம்பிக்கு நடுத்தரம், அதுவும் மல்லாந்து படுத்தால் மட்டும் மோசம். வேலைக்காக அடிக்கடி ஊர் மாறுபவன், சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போகிறான்.

எண்ணைக் குறைப்பதில் சிபாப் இதைவிட வலிமையானது. ஆனால் 2013இல் வந்த ஓர் ஆஸ்திரேலிய ஆய்வு எனக்குப் பிடித்தமானது. இரண்டையும் ஒரு மாதம் ஒரு மாதம் மாற்றிக் கொடுத்துப் பார்த்தார்கள். ஏ.எச்.ஐ. குறைந்ததில் சிபாப் முன்னால். ஓர் இரவில் போட்டிருந்த நேரத்தில் தாடைக் கருவி முன்னால். கடைசியில் ரத்த அழுத்தத்தில் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. எட்டு மணி நேரத் தூக்கத்தில் நாலு மணி நேரம் போட்ட பிரமாதமான கருவியும், முழு இரவும் போட்ட சுமாரான கருவியும் ஏறத்தாழ ஒரே இடத்தில் கொண்டுபோய் விடலாம். இயந்திரங்களை ஒப்பிடும்போது ஏ.எச்.ஐ.யை மட்டும் பார்த்துப் பேசுகிறவர்கள் இதை விட்டுவிடுகிறார்கள்.

தொல்லைகளும் உண்டு. ஆரம்பத்தில் எச்சில் வழியும், தாடை மூட்டு வலிக்கும். வருடக்கணக்கில் போட்டால் கடி மாறும், மேல்பல்லும் கீழ்பல்லும் பழையபடி பொருந்தாமல் போகலாம். காலையில் தாடையைப் பழைய இடத்துக்குக் கொண்டுவர ஒரு சின்னப் பயிற்சித் துண்டு கொடுப்பார்கள், தம்பி அதைத் தவறாமல் கடிக்கிறான். ஈறு பலவீனமானவர்கள், போதிய பற்கள் இல்லாதவர்கள், தாடை மூட்டில் ஏற்கெனவே பிரச்சினை இருப்பவர்களுக்குச் சரிவராது. வெந்நீரில் போட்டுக் கடித்து உருவாக்குகிற மலிவு வகையைச் சிகிச்சையாக நம்ப வேண்டாம். தூக்க ஆப்னியா தெரிந்த பல் மருத்துவர் அளவெடுத்து, கொஞ்சம் கொஞ்சமாக முன்னால் நகர்த்தக்கூடிய வகை வேண்டும். பொருத்தி முடிந்த பிறகு அதைப் போட்டுக்கொண்டே மறுபடி ஸ்லீப் ஸ்டடி எடுக்க வேண்டும். இந்தக் கடைசிப் படியை நிறைய பேர் விட்டுவிடுகிறார்கள்.

பிப்ரவரி 10

வாயில் டேப் ஒட்டித் தூங்குவது பற்றிக் கேட்ட நண்பருக்கு: பரிசோதிக்காத ஆப்னியா இருக்கும்போது வேண்டாம். மூக்கும் அடைத்துக்கொண்டால் மாற்று வழி இருக்காது.

பிப்ரவரி 10

உறவினரின் பழைய இயந்திரத்தை வாங்கிப் போடலாமா என்றவருக்கு: வேறொருவருக்கு வைத்த அழுத்தம் உங்களுக்குப் பொருந்தாது, அதை மாற்றி அமைக்க வேண்டும். மாதிரி எண்ணையும் பாருங்கள். 2021 ஜூனில் பிலிப்ஸ் நிறுவனம் லட்சக்கணக்கான இயந்திரங்களைத் திரும்பப் பெற்றது. சத்தத்தைக் குறைக்க உள்ளே வைத்த நுரை சிதைந்து, துகளும் வாயுவும் மூச்சோடு போகலாம் என்பதால். அந்தக் காலத்து இயந்திரமா என்று சரிபாருங்கள். ஓசோன் விட்டுச் சுத்தம் செய்கிற பெட்டியும் வேண்டாம், அதைப் பற்றி அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 2020இலேயே எச்சரித்திருக்கிறது. லேசான சோப்பும் தண்ணீரும் போதும். ஹியூமிடிஃபயரில் காய்ச்சி வடித்த நீர் ஊற்றுங்கள்.

பிப்ரவரி 15

"எடை குறைத்தால் எல்லாம் சரியாகிவிடும், இயந்திரம் எதற்கு?" என்ற பதிலைப் படித்தேன். பாதி சரி.

எடைக்கும் ஆப்னியாவுக்கும் உள்ள தொடர்பு உறுதியானது. அமெரிக்காவின் விஸ்கான்சினில் வருடக்கணக்கில் பின்தொடர்ந்த ஓர் ஆய்வில், எடை 10 சதவீதம் கூடியவர்களுக்கு ஏ.எச்.ஐ. ஏறத்தாழ 32 சதவீதம் கூடியது, 10 சதவீதம் குறைந்தவர்களுக்கு 26 சதவீதம் குறைந்தது. கழுத்தைச் சுற்றியும் நாக்குக்குள்ளேயும் சேர்கிற கொழுப்புதான் பாதையைச் சுருக்குகிறது. 2024இல் டிர்செபடைட் என்ற ஊசி மருந்தின் ஆய்வு வந்தது. உடல் பருமனோடு நடுத்தரம் முதல் கடுமை வரை ஆப்னியா உள்ளவர்கள், தொடக்கத்தில் சராசரி ஏ.எச்.ஐ. 50ஐ ஒட்டி. 52 வாரத்தில் அது மணிக்கு 25 முதல் 29 வரை குறைந்தது. அதே வருடம் டிசம்பரில் எஃப்.டி.ஏ. அதை ஆப்னியாவுக்கென்றே அனுமதித்தது. ஆப்னியாவுக்கு அப்படி அனுமதி கிடைத்த முதல் மருந்து. உண்மையிலேயே பெரிய முன்னேற்றம், எனக்கு மகிழ்ச்சிதான்.

ஆனால் 50லிருந்து 25 போனாலும் அது இன்னும் நடுத்தரம். எடை குறைய மாதங்கள் ஆகும், அந்த மாதங்களில் ஒவ்வோர் இரவும் அடைப்பு நடந்துகொண்டுதான் இருக்கும். அதுவரை சிபாப், குறைந்த பிறகு மறுபடி பரிசோதனை, அப்புறம் முடிவு. அதோடு ஒல்லியானவர்களுக்கும் ஆப்னியா வருகிறது. சின்னக் கீழ்த்தாடை, பெரிய டான்சில், குறுகலான அண்ணம் இருந்தால் போதும். அவர்களிடம் போய் "எடையைக் குறை" என்று சொல்வது கொடுமை. நானும் ஒல்லிதான், எனக்கும் சொன்னார்கள்.

பிப்ரவரி 15, இரவு

படுக்கும் நிலை பற்றித் தனியாக எழுத வேண்டும் என்று இருந்தேன். உங்கள் அறிக்கையை எடுத்து, மல்லாந்து படுத்தபோது ஏ.எச்.ஐ. எவ்வளவு, ஒருக்களித்தபோது எவ்வளவு என்று பாருங்கள். பெரும்பாலான அறிக்கைகளில் அது தனித்தனியே இருக்கும். மல்லாந்து படுத்த எண் மற்றதைப் போல இரண்டு மடங்குக்கு மேல் இருந்தால் அதை நிலை சார்ந்த ஆப்னியா என்பார்கள். ஒருக்களித்த எண் 5க்கும் கீழே இருந்தால், முதுகில் புரளாமல் தடுப்பதே பாதிச் சிகிச்சை. பனியன் முதுகில் டென்னிஸ் பந்து வைத்துத் தைப்பது பழைய முறை, தூக்கம் கெடுகிறது என்று பலர் விட்டுவிடுவார்கள். இப்போது கழுத்திலோ மார்பிலோ கட்டிக்கொள்ளும் சின்னக் கருவிகள் இருக்கின்றன, புரண்டால் மெல்ல அதிரும். செலவில்லாத, ஆபத்தில்லாத இந்தத் தகவல் அறிக்கையின் உள்பக்கத்தில் கிடக்கிறது. முதல் பக்கத்து எண்ணை மட்டும் பார்த்துவிட்டு மூடிவிடுகிறோம்.

தொண்டைப் பயிற்சிகளும் அப்படித்தான். நாக்கையும் அண்ணத்தையும் தினமும் பயிற்சி செய்தால் லேசான, நடுத்தர ஆப்னியாவில் எண் குறைகிறது என்று பல சிறிய ஆய்வுகள் உண்டு. 2006இல் பி.எம்.ஜே. மருத்துவ இதழில் டிட்ஜரிடூ என்ற ஆஸ்திரேலியப் பழங்குடியினரின் ஊதுகருவியை நான்கு மாதம் வாசிக்க வைத்துப் பார்த்தார்கள். 25 பேர்தான், ஆனாலும் பகல் தூக்கமும் ஏ.எச்.ஐ.யும் குறைந்தன. தினமும் விடாமல் செய்கிறவர்களுக்குத்தான் பலன். 34 உள்ளவர் இதை மட்டும் நம்பக் கூடாது.

பிப்ரவரி 22

ஒருவர் கொஞ்சம் கோபமாகவே எழுதியிருக்கிறார்: "சிபாப் மாரடைப்பைத் தடுக்காது என்று பெரிய ஆய்வே வந்துவிட்டது. பிறகும் ஏன் விற்கிறீர்கள்?"

நான் எதையும் விற்கவில்லை. நீங்கள் சொல்லும் ஆய்வு சேவ், 2016இல் வந்தது. ஏற்கெனவே இதய நோயோ பக்கவாதமோ வந்த 2,717 பேர். சிபாப் கொடுத்தவர்களுக்கும் கொடுக்காதவர்களுக்கும் பின்னால் வந்த மாரடைப்பு, பக்கவாதம், மரணம் ஆகியவற்றில் வித்தியாசம் இல்லை. அது உண்மை, மறைக்கத் தேவையில்லை. அதே ஆய்வில் சிபாப் போட்ட சராசரி நேரம் இரவுக்கு 3.3 மணிதான். பகலில் மிக அதிகமாகத் தூங்கி விழுகிறவர்களை ஆய்வில் சேர்க்கவும் இல்லை. அதிலேயே பகல் தூக்கம், மனநிலை, வாழ்க்கைத் தரம் ஆகியவை மேம்பட்டன.

இரண்டு நாளாக இதை யோசித்தேன். "சிபாப் போட்டால் இதயம் பிழைக்கும்" என்று யாராவது உறுதி கொடுத்தால் அது அதிகப்படி என்றுதான் நானும் இப்போது நினைக்கிறேன். ஆனால் நான் அதற்காகப் போடவில்லை. பகலில் தெளிவாக யோசிக்க முடிகிறது. காரோட்டும்போது கண் இருட்டுவதில்லை, பின்னால் பேரப்பிள்ளை உட்கார்ந்திருக்கும்போது இது எனக்குச் சின்ன விஷயம் இல்லை. சிகிச்சை எடுக்காத ஆப்னியாவால் சாலை விபத்து கூடுகிறது என்பதில் சந்தேகமே இல்லை. தூங்கி விழுகிற நிலையில் இருப்பவர்கள் சிகிச்சை நிலைப்படும்வரை வண்டி ஓட்டாதீர்கள்.

மார்ச் 2

நாக்கு நரம்பைத் தூண்டும் கருவி பற்றிக் கேட்டிருந்தார்கள். மார்புத் தோலுக்கடியில் ஒரு சிறு கருவி, அதிலிருந்து ஒரு கம்பி நாக்கை அசைக்கும் நரம்புக்கு. மூச்சு இழுக்கும் நேரத்தில் நாக்கை மெல்ல முன்னால் தள்ளும். 2014இல் வெளியான ஆய்வில் 126 பேர், ஓராண்டில் ஏ.எச்.ஐ.யின் நடுமதிப்பு 29.3லிருந்து 9.0 ஆனது. சிபாப் முயன்று முடியாதவர்களுக்கு உண்மையான வழி இது. எல்லோருக்கும் பொருந்தாது. அண்ணத்துக்குப் பின்னால் பாதை எல்லாப் பக்கமிருந்தும் வட்டமாகச் சுருங்கி மூடுபவர்களுக்கு அது வேலை செய்வது கடினம். அதைக் கண்டுபிடிக்கத்தான் டைஸ் என்ற பரிசோதனை. மருந்து கொடுத்துத் தூங்கவைத்து, மூக்கு வழியாக மெல்லிய கேமரா விட்டு, எங்கே எப்படி மூடுகிறது என்று நேரில் பார்ப்பார்கள். முதல் நாள் நான் கேட்ட கேள்விக்கு விடை கிடைக்கும் இடமும் அதுதான்.

மேல்தாடை, கீழ்த்தாடை இரண்டையும் வெட்டி முன்னால் நகர்த்துகிற அறுவையும் உண்டு. பெரியவர்களுக்கான ஆப்னியா அறுவைகளில் வெற்றி விகிதம் மிக அதிகமுள்ளவற்றில் ஒன்று, மிகக் கடினமானவற்றிலும் ஒன்று. ஆற வாரக்கணக்காகும், உதடு, மோவாய் மரத்துப்போகலாம், முக அமைப்பு மாறும். தாடை பின்தங்கிய அமைப்பு உள்ளவர்களுக்குப் பொருத்தமானது. மூக்குத் தண்டு வளைவைச் சரிசெய்வது தனியாக ஆப்னியாவைத் தீர்ப்பது அரிது, ஆனால் சிபாப் போட முடியாமல் தவித்தவர்களுக்கு அதன்பின் போட முடிகிறது.

மார்ச் 19

கேள்வி கேட்டவர் திரும்பி வந்து எழுதியிருக்கிறார். ஈ.என்.டி. மருத்துவரிடம் போனாராம். டான்சில் இரண்டும் நடுவில் ஒன்றையொன்று தொடுகிற அளவுக்குப் பெரியவை, நாக்கு தாழ்வாக இருக்கிறது, எடை அதிகமில்லை. அறுவை பலிக்க நல்ல வாய்ப்பு என்று சொல்லியிருக்கிறார்கள்.

இந்தத் தகவல் முதல் நாளே கிடைத்திருந்தால் நானும் வேறு மாதிரி எழுதியிருப்பேன். பெரிய டான்சில், தாழ்ந்த நாக்கு, மிதமான எடை என்ற சேர்க்கைக்குத்தான் தொண்டை அறுவை மிக நன்றாகப் பலிக்கிறது. குழந்தைகளுக்கு டான்சிலையும், மூக்குக்குப் பின்னாலுள்ள அடினாய்டு சதையையும் அகற்றுவதுதான் வழக்கமாக முதல் சிகிச்சை, பெரியவர்களில் உங்களைப் போன்றவர்கள் அதற்குக் கிட்டத்தில் வருகிறார்கள். செய்துகொள்ளுங்கள் என்று மனதாரச் சொல்வேன்.

சில விஷயங்களை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள். அறுவைக்கு நாள் குறிக்கிறவரை சும்மா இருக்காதீர்கள், சிபாபை வாடகைக்காவது எடுத்துப் போடுங்கள். மயக்க மருந்து நிபுணரிடம் "எனக்குக் கடுமையான ஆப்னியா" என்று நீங்களே வாயைத் திறந்து சொல்லுங்கள், கோப்பில் இருக்கும் என்று விட்டுவிடாதீர்கள். மயக்க மருந்தும் வலிக்குக் கொடுக்கும் ஓபியாய்டு மருந்துகளும் தொண்டையைத் தளர்த்தி மூச்சைக் குறைக்கும். முதல் இரவு கண்காணிப்பில் இருக்கச் சொன்னால் மறுக்காதீர்கள். இயந்திரத்தைக் கையோடு கொண்டுபோய், முதல் இரவு போடலாமா என்று அங்கேயே கேளுங்கள். பெரியவர்களுக்கு டான்சில் அறுவை நன்றாகவே வலிக்கும். ஒரு வாரம் கழித்துக்கூட ரத்தம் கசியலாம், கசிந்தால் காத்திருக்காமல் மருத்துவமனைக்குப் போங்கள்.

மார்ச் 20

நேற்று விட்டுப்போனது. காயம் ஆறி, வீக்கம் முழுதும் வற்றிய பிறகு, சில மாதம் கழித்து, மறுபடி ஸ்லீப் ஸ்டடி. வீட்டில் "சத்தமே இல்லை, நன்றாகத் தூங்குகிறீர்கள்" என்று சொன்னாலும் எடுக்க வேண்டும். 34 பாதியாகி 17க்கு வந்தாலே வெற்றி என்று சிலர் எழுதிக்கொடுப்பார்கள். 17 நடுத்தர ஆப்னியா. அப்படி மிச்சம் இருந்தால் அறுவை வீணாகிவிட்டது என்று நினைக்க வேண்டாம். மிச்சம் மல்லாந்து படுக்கும்போது மட்டும்தானா என்று பாருங்கள், அப்படியானால் படுக்கும் நிலைக் கருவியோ தாடைக் கருவியோ போதலாம். சிபாபே வேண்டியிருந்தாலும் முன்னைவிடக் குறைந்த அழுத்தம் போதுமானதாக இருக்கும் வாய்ப்பு உண்டு. இந்தச் சிகிச்சைகளை ஒன்றோடொன்று சேர்த்துக்கொள்ளலாம், ஒன்றை எடுத்தால் மற்றது கூடாது என்று எங்கும் இல்லை.

அறுவைக்கு முந்தைய அறிக்கையிலிருந்து நிலைவாரியான எண்களையும், ஆக்சிஜன் மிகக் குறைந்த அளவையும் இப்போதே எழுதி வைத்துக்கொள்ளுங்கள். புதிய அறிக்கை வந்ததும் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் இங்கே போடுங்கள், சேர்ந்து பார்ப்போம்.